ஒரே கம்பெனி, ஒரே கூலி, ரெண்டு லைன். அட்வான்ஸ் க்யூ மட்டும் ஏன் வேற வேற?

பவர்டேபிள்காரன் (திருப்பூர்)

வணக்கமுங்க எல்லாருக்கும். ரொம்ப நாளா மனசுல கெடந்து உறுத்திட்டு இருக்கற விஷயம், பல தொழில்ல இருக்கறவங்க இங்க இருக்கீங்கன்னு கேக்கறேன். நீளமாப் போகும், பொறுத்துக்கங்க.

நான் 11 வருஷம் பவர்டேபிள்ல, அதாவது கரண்டுல ஓடற தையல் மெசின்ல உக்காந்தவன், மொதல்ல ஓவர்லாக் மெசின் அப்பறம் பேட்லாக் மெசின். இப்ப 4 வருஷமா லைன் சூப்பர்வைசர். எங்க பனியன் கம்பெனில தையல் லைன் ரெண்டு. ஒண்ணு என்னோடது, 34 பேரு. இன்னொண்ணு ஒரு அக்கா பாக்கறாங்க, அதுல 32 பேரு. ரெண்டுக்கும் ஒரே ஷிப்ட் ரேட்டு, ஒரே ஒன்றரை ஷிப்ட், பாதிப்பேரு ஒரே காம்பவுண்டுல அடுத்தடுத்த லைன்வீட்டுல குடியிருக்கறவங்க. சம்பளம் சனிக்கெழமை சாயங்காலம். புதன்கெழமை ஆபீஸ்ல அட்வான்ஸ் குடுப்பாங்க, வேணும்னா வாங்கிக்கலாம், சனிக்கெழமை புடிச்சுக்குவாங்க.

என் லைன்ல புதன்கெழமை 20 பேருக்குக் கொறையாம க்யூல நிப்பாங்க. அக்கா லைன்ல 4 பேரு, மிஞ்சிப்போனா 5. அவங்களுக்கு நல்ல ஆளுங்களா அமைஞ்சுருச்சு, எனக்கு வந்ததெல்லாம் கையில காசு நிக்காதவங்கன்னுதான் நெனச்சிட்டு இருந்தேன். மொதலாளிகிட்டயும் அப்படித்தான் சொல்லியிருக்கேன்.

போன வருஷம் அந்த அக்கா, அவங்க மகளோட பிரசவத்துக்கு ரெண்டு மாசம் லீவு போட்டாங்க. அவங்க லைனையும் நாந்தான் பாத்தேன். ஆறாவது வாரம் கணக்கு எழுதற பொண்ணு கூப்புட்டு அட்வான்ஸ் நோட்டைத் திருப்பிக் காட்டுச்சு. அக்கா லைன்ல இருந்து 17 பேரு. அதே ஆளுங்க, அதே கூலி, அதே வாடகை. மாறுனது நான் ஒருத்தன்தான். அன்னைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரலீங்க.

அக்கா திரும்பி வந்ததும் ஒரு வாரம் அவங்க என்ன பண்றாங்கன்னு கவனிச்சுப் பாத்தேன். திங்கக்கெழமை காலைல மெசின் ஓட்டறதுக்கு முன்னாடி ரெண்டு நிமிஷம் பேசறாங்க. இந்த வாரம் இன்ன ஆர்டர், இத்தனை பீஸ், சாயம் போடற டையிங்ல இருந்து துணி புதன்கெழமைதான் வருது அதனால நாளைக்கு ஒரு ஷிப்ட்தான், வியாழன் வெள்ளி ஒன்றரை, ஞாயித்துக்கெழமை வேலை இல்ல. அவ்வளவுதான் பேச்சு. நான் என்ன பண்ணுவேன்னா துணி வராதுன்னு எனக்குக் காலைலயே தெரிஞ்சிருந்தாலும் சாயங்காலம் 5 மணிக்குத்தான் சொல்லுவேன். முன்னாடியே சொன்னா அன்னைக்கு வேற கம்பெனிக்குப் போயிருவாங்கன்னு பயம். அப்ப என் லைன்ல இருக்கறவங்களுக்கு சனிக்கெழமை கைக்கு எவ்வளவு வரும்னு வெள்ளிக்கெழமை வரைக்கும் தெரியாது. அக்கா லைன்ல இருக்கறவங்களுக்கு திங்கக்கெழமையே தெரியும்.

இன்னொண்ணு ஆல்டர் பீஸ், அதாவது தையல் தப்பாகி திருத்தறதுக்குத் திரும்பி வர்றது. செக்கிங்ல இருந்து ஆல்டர் வந்துச்சுன்னா நான் லைன் நடுவுல நின்னு பீஸைத் தூக்கிக் காட்டி சத்தம் போடுவேன், அக்கா அந்தப் பீஸை மடிச்சுக் கைல வச்சுக்கிட்டு டெய்லர் பக்கத்துல போய்க் குனிஞ்சு "ஊசி மழுங்கிருச்சா பாரு கண்ணு"ன்னு கேக்கறாங்க. அவங்க லைன்ல தையல் விட்டுப்போச்சுன்னா டெய்லரே கையைத் தூக்குது. என் லைன்ல பண்டலுக்கு அடியில சொருகிடுது.

என் கேள்வி இதுதான். மேல இருக்கறவன் பேசற விதம் ஒருத்தரோட வீட்டுக் காசு வரைக்கும் போகுமா? இல்ல நான் சும்மா போட்டுக் கொழப்பிக்கறனா?

———

சிங்கர்_டெய்லர்

அண்ணா நானும் திருப்பூர்தான், சிங்கர் மெசின், 9 வருஷம். நீங்க மனசு விட்டு எழுதியிருக்கீங்க அதுக்கு மரியாதை. ஆனா ஒரு வார்த்தையை மாத்தணும். அட்வான்ஸ் அட்வான்ஸ்ங்கறீங்க, புதன்கெழமை நாங்க வாங்கறது திங்களும் செவ்வாயும் நாங்க பாத்து முடிச்ச வேலைக்கான காசு. அது கடன் இல்ல. எங்க காசை நாங்க கேக்கறதுக்கு க்யூல நிக்க வச்சு நோட்டுல கையெழுத்து வாங்கி செலவாளின்னு பேரும் வச்சா எப்படி?

என் வீட்டுக் கணக்கு சொல்றேன். வாடகை 4,500, கரண்டு தனி. பெரியவனுக்கு வேன் ஃபீஸ் 1,200. மாமியாருக்கு சுகர் மாத்திரை. குழுக்கடன் தவணை செவ்வாய்க்கெழமை காலைல 7 மணிக்குக் கட்டணும், ஏன் செவ்வாய்க்கெழமைன்னு கேட்டா அவங்க சௌகரியம். சம்பளம் சனிக்கெழமை தவணை செவ்வாய்க்கெழமை, நடுவுல ஞாயித்துக்கெழமை கறி எடுக்காம புள்ளைங்களை ஏமாத்தணும். இதுல என் மனப்பான்மை எங்க வந்துச்சு?

———

பவர்டேபிள்காரன்

அம்மணி நீங்க சொல்றது சரிதாங்க. அந்த வார்த்தையை நான் ஒருநாளும் அப்படி யோசிச்சதில்ல. 11 வருஷம் நானும் அதே க்யூல நின்னவன், சூப்பர்வைசர் ஆனதும் மறந்துருச்சு. செலவாளின்னு மொதலாளிகிட்ட சொன்னது தப்பு.

———

விழுப்புரத்தான்

இந்தக் கேள்விக்கு எங்க ஊருலயே நடந்த ஒரு ஆராய்ச்சி இருக்குங்க. 2013-ல சயின்ஸ் பத்திரிகைல வந்துச்சு, ஆனந்தி மணி, செந்தில் முல்லைநாதன், எல்டார் ஷஃபீர், ஜியாயிங் ஜாவோன்னு நாலு பேரு சேந்து பண்ணது. விழுப்புரம், திருவண்ணாமலை பக்கம் 54 கிராமத்துல 464 கரும்பு விவசாயிங்க. கரும்புல காசு வருஷத்துக்கு ஒரு தடவை, வெட்டி ஆலைக்குப் போனதுக்கப்புறம்தான். அதனால வெட்டுக்கு முன்னாடி கையில ஒண்ணும் இருக்காது, நகை அடகுக்கடைல இருக்கும். காசு வந்ததும் மூட்டுவாங்க.

அதே ஆளை வெட்டுக்கு முன்னாடி ஒரு தடவை, காசு வந்தப்புறம் ஒரு தடவை உக்கார வச்சு படத்துல விட்டுப்போன கட்டத்தைக் கண்டுபிடிக்கிற மாதிரி சோதனை வச்சாங்க. காசு வந்தப்புறம் அதே ஆள் நல்லாப் பண்றாரு, முன்னாடி தடுமாறுறாரு. படிப்பு மாறல, குணம் மாறல. கையில காசு இல்லாதப்ப "நாளைக்கு என்ன பண்றது"ங்கற நெனப்பே மூளைல பாதியைப் புடிச்சுக்குது, மிச்சத்தை வச்சுத்தான் மத்ததை யோசிக்கணும்.

எங்கப்பா கரும்புதான் போட்டாரு. வெட்டுக்கு முந்தின ரெண்டு மாசம் வீட்டுல யாரும் அவர்கிட்ட பேச மாட்டோம், எதைக் கேட்டாலும் எரிஞ்சு விழுவாரு. ஒரு தடவை அந்த நேரத்துலதான் உரக்கடைல அவசரத்துல ஒரு பத்திரத்துல கையெழுத்துப் போட்டுட்டு வந்தாரு, அதைத் தீக்க மூணு வருஷம் ஆச்சு. கோவக்காரர், அவசரக்காரர்னு ஊரே சொல்லும். காசு வந்த மாசத்துல அவரைப் பாத்திருந்தா தெரியும், திண்ணைல உக்காந்து தாள்ல கணக்குப் போட்டு எட்டணா பிசகாம செலவு பண்ற மனுஷன்.

———

சிங்கர்_டெய்லர்

இதைத்தான் நானும் சொல்றேன். காசுதான் புத்தியைக் கெடுக்குது, புத்தி காசைக் கெடுக்கல. அப்ப சூப்பர்வைசர் நல்லாப் பேசறது கெட்டாப் பேசறதெல்லாம் எதுக்கு, கூலியை ஏத்திக் குடுங்க.

———

விழுப்புரத்தான்

கூலியை ஏத்தணும், அதுல ரெண்டாவது பேச்சே இல்ல. ஆனா தாய்த்தனமா இருக்கற அந்தத் திருப்பூர் அக்கா லைன்ல கூலி ஏறலயே, அங்க வேற ஒண்ணு நடக்குது. சனிக்கெழமை என்ன வரும்னு தெரிஞ்சு போனதால அந்த "என்ன பண்றது"ங்கற நெனப்பு கொஞ்சம் கொறையுது. தொகை அதேதான், பயம் கொறைஞ்சுது. எனக்கு அப்படித்தான் படுது.

———

தருமபுரி_அக்கா

தம்பி நான் கொஞ்சம் வயசானவ, மொபைல்ல தட்டறதுக்கு நேரமாவும். மகளிர் சுய உதவிக்குழுல 20 வருஷத்துக்கு மேல இருந்தவ, குழுவை நடத்தற ஊக்குநராவும் இருந்திருக்கேன், வெறும் உறுப்பினராவும் இருந்திருக்கேன். எங்க மாவட்டத்துலதான் 1989-ல ஐஃபேடுங்கற ஐநா விவசாய நிதி அமைப்போட உதவியில இந்தக் குழுவெல்லாம் ஆரம்பிச்சாங்க, 1997-க்கப்புறம் மகளிர் திட்டம்னு தமிழ்நாடு பூரா போச்சு. 12 பேருல இருந்து 20 பேரு வரைக்கும் ஒரு குழு. வாரம் கூடணும், சேமிப்பு போடணும், அந்தச் சேமிப்புல இருந்து உள்கடன் குடுக்கணும், திருப்பிக் கட்டணும், நோட்டு எழுதணும். சட்டம் எல்லாக் குழுவுக்கும் ஒண்ணுதான். ஆனா ஒரே தெருவுல ஒரு குழு இன்னைக்கும் நடக்குது, இன்னொண்ணு மூணு வருஷத்துல சண்டைல ஒடைஞ்சுபோச்சு.

ஒடைஞ்ச குழுவைப் பத்தி சொல்றேன், ஏன்னா அதுல நானும் இருந்தேன். எங்க ஊக்குநர் கெட்டிக்காரி, பேங்க் மேனேஜர்கிட்ட தைரியமாப் பேசுவா, எல்லாருக்கும் அவளைக் கண்டா பயமும் மரியாதையும். எங்க குழுல ஒரு தவணை கூட தவறினதில்லன்னு பேங்க்ல நல்ல பேரு. எப்படித் தவறலைன்னு யாரும் கேக்கல. யாராவது இந்த வாரம் கட்ட முடியலக்கான்னு வந்தா அத்தனை பேரு முன்னாடி "வாங்கும்போது இனிச்சுதா"ன்னு கேப்பா. அந்த ஒரு வார்த்தைக்குப் பயந்து ஒருத்தி முந்தின நாள் ராத்திரி வார வட்டிக்காரன்கிட்ட ஆயிரம் வாங்கி குழுல கட்டிடுவா. எங்க நோட்டுல பச்சையா இருக்கும், அவ வீட்டுல நெருப்பு எரியும். ஒருத்தி இல்ல, கடைசில கூட்டிப் பாத்தா 16 பேருல 7 பேரு அப்படித்தான் கட்டிக்கிட்டு இருந்திருக்காங்க. அதுல நானும் ஒருத்தி. ஒருத்திக்கொருத்தி சொல்லிக்கல. ஒரே சுவத்துக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் குடியிருந்தோம்.

அப்புறம் அடுத்த குழுல நான் ஊக்குநரானேன். எனக்குப் பெரிய திறமையெல்லாம் இல்ல தம்பி, எட்டாவது வரைக்கும் படிச்சவ. ரெண்டு காரியம் மட்டும் புடிவாதமா வச்சிருந்தேன். கூட்டம் ஆரம்பிக்கறப்போ யாருக்கு இந்த வாரம் கஷ்டம்னு நானே மொதல்ல கேப்பேன், சேமிப்புக் காசை எடுத்து வைக்கறதுக்கு முன்னாடி. முடியாதுன்னு சொல்றவளுக்கு அங்கயே உள்கடன்ல இருந்து என்ன பண்ணலாம்னு பேசிடுவோம், வெளிய போய் வட்டிக்கு வாங்க விடமாட்டோம். இன்னொண்ணு, கூட்டம் முடியறப்போ நோட்டைச் சத்தமாப் படிக்கறது. படிக்கத் தெரியாதவங்க பாதிப்பேரு, அவங்க காசு எங்க இருக்குன்னு அவங்க காதுல விழணும். மொத ஆறு மாசம் என் கடனைத்தான் மொதல்ல படிப்பேன். நான் இவ்வளவு கட்டணும், இவ்வளவு கட்டியிருக்கேன், இவ்வளவு பாக்கின்னு.

அந்தக் குழுல தவணை தவறியிருக்கு, இல்லைன்னு சொல்லல. ஆனா தவறினது நோட்டுல தெரியும்.

உங்க லைன்ல பண்டலுக்கு அடியில சொருகற பீஸும் எங்க வார வட்டியும் ஒண்ணுதான்.

———

ஓரகடம்_ஷிப்ட்

அக்கா கடைசி வரியைப் படிச்சிட்டு அப்படியே உக்காந்துட்டேன். நான் கார் பார்ட்ஸ் கம்பெனில 8 வருஷமா இருக்கேன், எங்க லைன்ல ஆண்டான்னு ஒண்ணு உண்டு. ஸ்டேஷன் பக்கத்துல கயிறு இல்லன்னா பட்டன், ஏதாவது தப்பாத் தெரிஞ்சா ஆபரேட்டரே இழுக்கலாம், மேல மஞ்சள் லைட் எரியும், டீம் லீடர் ஓடி வருவாரு, அதுக்குள்ள சரி பண்ண முடிஞ்சா லைன் நிக்காது, முடியலைன்னா நின்னுடும். டொயோட்டால இருந்து வந்த பழக்கம் இது. இதுல திருப்பூர்க்காரங்களுக்குப் பிடிக்கற விஷயம் என்னன்னா இந்த யோசனை கார்ல பொறக்கல, தறில பொறந்துச்சு. சகிச்சி டொயோடா 1924-ல கொண்டுவந்த தானியங்கித் தறில நூல் அறுந்தா தறி தானா நின்னுடும், அறுந்த நூலோட கெட்ட துணியை நெய்ஞ்சுக்கிட்டே போகாது. அந்தத் தறியோட உரிமையை 1929-ல இங்கிலாந்துல பிளாட் பிரதர்ஸ்ங்கற கம்பெனிக்கு 1 லட்சம் பவுண்டுக்கு வித்தாங்க, அவர் மகன் கார் ஆராய்ச்சில எறங்கினதுக்கு அந்தக் காசும் கை குடுத்துச்சு.

தறிக்கு வெக்கம் கிடையாது, நூல் அறுந்தா நின்னுடும். மனுஷன் அப்படி இல்லயே. எங்க பழைய மேனேஜர் கயிறை இழுத்தவன்கிட்ட வந்து மொதல்ல தேங்க்ஸ் சொல்லிட்டுத்தான் என்னன்னு கேப்பாரு. அப்போ ஒரு ஷிப்டுக்கு இருவது முப்பது தடவை மஞ்சள் எரியும். அவர் மாறிப் போனாரு, வந்தவரு காலை மீட்டிங்ல யார் எத்தனை தடவை இழுத்தான்னு பேரோட படிச்சாரு. ஒரே மாசத்துல லைட் எரியறது நின்னுபோச்சு, போர்டு பூரா பச்சை, அவருக்கு பாராட்டு வேற. ரெண்டாவது மாசம் கஸ்டமர்கிட்ட இருந்து ஒரு லாரி சரக்கு திரும்பி வந்துச்சு. அதைத் தனித்தனியாப் பொறுக்கி எடுக்க நாங்க மூணு ஞாயித்துக்கெழமை வேலைக்கு வந்தோம்.

காசு விஷயத்துலயும் அப்படித்தான். பழைய மேனேஜர் இருந்தப்ப என் பக்கத்து ஸ்டேஷன் பையன் லோன் ஆப்புல மாட்டிக்கிட்டான், அவர்கிட்டயே போய்ச் சொன்னான், அவரு உக்கார வச்சு எந்தெந்த ஆப்புல எவ்வளவுன்னு ஒரு தாள்ல எழுத வச்சாரு. புது ஆள் வந்தப்புறம் இன்னொருத்தன் அதே மாதிரி மாட்டினான், யாருக்கும் சொல்லல, போன் சுவிட்ச் ஆஃப், ஒருநாள் ரூமைக் காலி பண்ணிட்டுப் போயிட்டான். ஒரு மாச சம்பளத்தைக் கூட வாங்கல.

———

கணக்குப்புள்ள_கோவை

நான் ஒரு பம்ப் யூனிட்ல அக்கவுண்ட்ஸ் பாக்கறேன். என் பக்கத்துல இருந்து பிஎஃப் பத்தி சொல்றேன், இதுல போர்மேன் வாய்க்கு இருக்கற பவர் சட்டத்துக்குக் கூட இல்ல.

தொழிலாளி பங்கு 12 சதவீதம், கம்பெனி பங்கு 12, அந்தக் கம்பெனி பங்குல 8.33 பென்ஷனுக்குப் போவுது. மொத்தம் 10 வருஷம் சர்வீஸ் இருந்தாத்தான் மாசப் பென்ஷன். 3 வருஷத்துல கம்பெனி மாறறப்ப பென்ஷன் பணத்தையும் சேத்து உருவிட்டா அந்த சர்வீஸ் போச்சு, அடுத்த கம்பெனில திரும்ப பூஜ்யத்துல இருந்து. இது எங்க மெசின் ஷாப்ல 40 வயசுக்காரங்களுக்கே தெரியல. மூணு கம்பெனில 14 வருஷம் வேலை பாத்துட்டு கையில 4 வருஷ சர்வீஸோட நிக்கற டர்னரை எனக்குத் தெரியும்.

ஏன் எடுத்தீங்கன்னு கேட்டேன். "போர்மேன் அண்ணன்தான் சொன்னாரு, உள்ள கெடந்தா வராது, இப்பவே எடுத்துரு"ன்னாரு. அந்த போர்மேனும் கெட்ட எண்ணத்துல சொல்லல. அவருக்கு ஒரு தடவை ஆதார்ல ஒரு மாதிரி பிஎஃப்ல ஒரு மாதிரி பேரு இருந்ததால பணம் ஒண்ணரை வருஷம் இழுத்தடிச்சிருக்கு, அந்தக் காயம். ஒரு ஆளோட கசப்பு 40 பேரோட பென்ஷனைத் தின்னுடுச்சு. அப்புறம் நான் அந்த போர்மேனையே புடிச்சு அவர் பேரைத் திருத்திக் குடுத்து பாஸ்புக்கை அவர் போன்லயே காட்டினேன். நான் பத்து தடவை நோட்டீஸ் ஒட்டியிருக்கேன் ஒருத்தனும் படிக்கல, அவர் டீக்கடைல போனைக் காட்டினாரு, அடுத்த வாரம் 11 பேரு ஆதார் கார்டோட என் டேபிளுக்கு வந்தாங்க.

பெங்களூர்ல இன்னொரு ஆராய்ச்சி, பனியன்காரங்களுக்கு நெருக்கமானது. ஷாஹி எக்ஸ்போர்ட்ஸோட தையல் ஃபேக்டரிங்கள்ல பெண் தொழிலாளிங்களுக்கு பேசப் பழகறது, நேரத்தைப் பாத்துக்கறது, காசு நிர்வாகம், பிரச்சனையைப் பக்குவமாச் சொல்றது இதெல்லாம் பயிற்சி குடுத்தாங்க. குலுக்கல்ல கொஞ்சப்பேருக்கு குடுத்தாங்க, மத்தவங்களுக்கு இல்ல. பயிற்சி வாங்கினவங்க உற்பத்தி 13.5 சதவீதம் கூடுதல். தையல் சொல்லிக் குடுக்கல, கவனிங்க. வாயைத் தொறந்து கேக்கற தைரியம்தான் சொல்லிக் குடுத்தாங்க, அதுக்கப்புறம் தையலும் அவங்களே கூடுதலாக் கத்துக்கிட்டாங்க.

———

சிங்கர்_டெய்லர்

கணக்குப்புள்ள அண்ணா, அந்த 13.5 சதவீதத்துக்கு கூலி எவ்வளவு கூடுச்சுன்னும் சொல்லுங்க.

———

கணக்குப்புள்ள_கோவை

0.5 சதவீதம். அதை நான் மொதல்லயே எழுதியிருக்கணும், விட்டது தப்பு.

———

சிங்கர்_டெய்லர்

அப்ப 100 பீஸ் தைக்கறவ 113 தைக்கறா, 100 ரூவா வாங்கறவ 100 ரூவா 50 காசு வாங்கறா. எங்களுக்கு தைரியம் வேணும், பேசத் தெரியணும், எல்லாம் சரி, அதை நான் வேணாம்னு சொல்லல, எனக்கும் அப்படி ஒரு பயிற்சி கிடைச்சா போவேன். ஆனா அந்தத் தைரியத்துல மொதக் கேள்வியா மிச்சம் 13 எங்க போச்சுன்னு கேட்டா அப்பவும் அந்தப் பயிற்சி நல்ல பயிற்சின்னு சொல்லுவாங்களா? அதைத்தான் பாக்கணும்.

தருமபுரி அக்கா எழுதினது மட்டும் என்னைத் தொட்டுச்சு. செவ்வாய்க்கெழமை தவணைக்கு நானும் ஒரு தடவை வெளிய வாங்கிக் கட்டியிருக்கேன். இதுவரைக்கும் யாருக்கும் சொன்னதில்ல, என் வீட்டுக்காரருக்குக் கூட.

———

தருமபுரி_அக்கா

கண்ணு, அது தப்பில்ல. வீட்டுக்காரர்கிட்ட இன்னைக்கே சொல்லிடு. 2022-ல ரிசர்வ் பேங்க் ஒரு விதி போட்டிருக்கு, இந்த மாதிரிக் கடன்ல ஒரு குடும்பத்தோட எல்லாத் தவணையும் சேத்து மாச வருமானத்துல பாதிக்கு மேல போற மாதிரி கடன் குடுக்கக்கூடாது. உன் கணக்கை அப்படிக் கூட்டிப் பாரு. மேல போச்சுன்னா தவணைக்காரங்ககிட்ட அதைச் சொல்லித்தான் பேசணும், கெஞ்சத் தேவையில்ல.

———

கரூர்_கவுண்டர்

பேங்க் ஆளு நான். "இதுல என் மனப்பான்மை எங்க வந்துச்சு"ன்னு டெய்லர் சகோதரி கேட்ட கேள்வி எங்க பக்கமும் உண்டு. அமெரிக்காவுல வெல்ஸ் ஃபார்கோ பேங்க்ல ஒரு வாடிக்கையாளருக்கு கணக்கு, திட்டம் எல்லாம் சேத்து எட்டு விக்கணும்னு மேல இருந்து அழுத்தினாங்க. ஊழியருங்க வாடிக்கையாளருக்கே தெரியாம லட்சக்கணக்குல கணக்கு தொறந்துட்டாங்க. 2016-ல வெளிய வந்துச்சு, 18.5 கோடி டாலர் அபராதம், அதுக்கு முன்னாடி அஞ்சு வருஷத்துல 5,300 பேரை வேலைய விட்டு அனுப்பியிருந்தாங்க, பெரும்பாலும் கீழ் மட்டத்துல இருந்தவங்க. தலைவரு அப்புறம்தான் பதவி விலகினாரு. 5,300 பேருக்கும் ஒரே நேரத்துல புத்தி கெட்டுப்போச்சா? எங்க கிளைலயும் சாயங்காலம் 6 மணிக்கு "இன்னைக்கு எத்தனை பாலிசி"ன்னு போன் வரும். அந்தப் போன் வர்ற நாள்ல வயசானவங்க டெபாசிட் புதுப்பிக்க வந்தா எனக்கே என் வாய் மேல பயமா இருக்கும். ஒரு பாட்டிகிட்ட நான் இன்சூரன்ஸ் தாளை நீட்டியிருக்கேன், டெபாசிட்னு நெனச்சு அவங்க கைநாட்டு வைக்கறதுக்கு முன்னாடி திரும்ப வாங்கிக்கிட்டேன். அப்படித் திரும்ப வாங்காம விட்ட ஊழியருங்களும் இருக்காங்க.

———

ஓரகடம்_ஷிப்ட்

திருப்பூர் அண்ணா ஒண்ணு கேக்கணும். உங்க 34 பேருல வடக்கத்திப் பசங்க எத்தனை? திங்கக்கெழமை பேச்சு தமிழ்லதான இருக்கும், அவங்களுக்கு யார் சொல்றாங்க?

———

பவர்டேபிள்காரன்

9 பேருங்க, எல்லாரும் ஒடிசா. அதை நான் யோசிக்கவே இல்ல. பாத்துட்டு வந்து சொல்றேன்.

———

பவர்டேபிள்காரன்

5 வாரம் ஆச்சு, சொன்ன மாதிரி வந்துட்டேன்.

மொத திங்கக்கெழமை நின்னு பேசினேன், ஒருத்தரும் நிமிந்து பாக்கல. 4 வருஷம் கத்தினவன் திடீர்னு வந்து வாரக் கணக்கு சொன்னா யாரு நம்புவாங்க. புதன்கெழமை க்யூ 21. ரெண்டாவது வாரம் 18. மூணாவது வாரம் 14. அந்த வாரம் நான் வியாழன் ஒன்றரை ஷிப்ட்னு சொல்லியிருந்தேன், டையிங்ல கலர் மாறிப்போய் துணி திரும்பப் போயிருச்சு, ஒரு ஷிப்டோட அனுப்ப வேண்டியதாப் போச்சு. முன்னாடி மாதிரி 5 மணிக்குச் சொல்லலீங்க, 11 மணிக்கு எனக்குத் தெரிஞ்சதும் மெசினை நிறுத்தச் சொல்லி நான் சொன்னது தப்பாப் போச்சுன்னு சொன்னேன். தொண்டை அடைச்சுது. பேட்லாக்ல இருக்கற வயசான அக்கா ஒருத்தங்க "இப்பவாவது சொன்னியே சாமி, நான் மத்தியானமே போய் ரேசன் வாங்கிக்கறேன்"னாங்க. அதுக்கடுத்த வாரம் பள்ளிக்கூடம் தொறந்தாங்க, க்யூ 23 பேரு. டெய்லர் அம்மணி மொதல்ல எழுதினதுதான் அப்ப ஞாபகம் வந்துச்சு. நோட்டுப் பொஸ்தகமும் ஷூவும் நான் திங்கக்கெழமை பேசறதால வந்துராதுங்க.

அவங்க சொன்னதை மொதலாளிகிட்டயும் கொண்டுபோனேன். புதன்கெழமை குடுக்கறதை அட்வான்ஸ்னு எழுத வேண்டாம், பாத்த வேலைக்கு பாதிச் சம்பளம்னு எல்லாருக்குமே குடுத்துரலாம், க்யூ வேண்டாம்னு. தீபாவளி போனஸ் முடியட்டும் பாக்கலாம்னாரு. இல்லைன்னு சொல்லல. நான் விடப்போறதில்ல.

ஆல்டர் விஷயத்துல சத்தம் போடறதை விட்டுட்டேன், ரெண்டு தடவை வாய் தவறுச்சு. போன வெள்ளிக்கெழமை ஒரு பொண்ணு அதுவாவே 12 பீஸ் கொண்டாந்து டேபிள்ல வச்சுது, கழுத்துப்பட்டி மாத்தி வச்சுத் தச்சிட்டேன் அண்ணான்னு. 4 வருஷத்துல என் லைன்ல மொத தடவை. வெரல் நடுங்கிட்டு இருந்துச்சு அதுக்கு. பிரிச்சா சரியாப் போகும்னு நானும் உக்காந்து பிரிச்சேன்.

ஒடிசாப் பசங்கள்ல ஒருத்தன் தமிழ் நல்லாப் பேசுவான், அவனை வச்சு மத்த எட்டுப் பேருக்கும் சொல்லச் சொன்னேன். ரெண்டு வாரம் சொன்னான். அப்பறம் அவனே வந்து, அண்ணா போர்டுல எழுதிருங்க, நம்பரை எல்லாரும் படிச்சுக்குவாங்க, நான் தப்பாச் சொல்லிட்டா அவங்க என்னைத்தான் கேப்பாங்கன்னான். இப்ப மெயின் சுவிட்ச் பக்கத்துல கரும்பலகை மாட்டியிருக்கேன். திங்கள் 1, செவ்வாய் 1, புதன் 1½ அப்படின்னு கெழமைக்கு நேரா எழுதிடறது, கெழமைப் பேரை அவன் ஒடியால பக்கத்துல எழுதிட்டான்.

இப்ப ஒரு சிக்கல். வர்ற வெள்ளிக்கெழமைக்கு துணி வருமா வராதான்னு டையிங்காரங்களுக்கே தெரியல. நான் அந்தக் கெழமைக்கு நேரா என்னன்னு எழுதறது? 1-ன்னு எழுதி 1½ வந்தா பரவால்ல, ஆனா வேலையே இல்லாமப் போனா?

———

தருமபுரி_அக்கா

கேள்விக்குறி போடு தம்பி. எப்பத் தெரியும்னு நேரத்தையும் பக்கத்துல எழுதிடு.

———

பவர்டேபிள்காரன்

போட்டுட்டேனுங்கக்கா. வெள்ளிக்கு நேரா கேள்விக்குறி, பக்கத்துல வியாழன் 11 மணின்னு. காலைல எல்லாரும் நின்னு பாத்தாங்க. இன்னைக்கு புதன், 16 பேரு. நாளைக்கு 11 மணிக்கு டையிங்குக்கு நானே வண்டி எடுத்துட்டுப் போறேன்.